குப்பைக் கூடையில் கிடைத்த வினைச்சொற்கள்

வாசற்படி ஏறும்போதே வெந்தய வாசம். சத்துணவுக் கூடத்திலிருந்து வருகிறது என்று நினைத்தேன். வகுப்பறைக்குள்ளிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

திண்டுக்கல் மாவட்டத்தில், பஸ்ஸை விட்டிறங்கி முக்கால் மைல் நடந்தால் வரும் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஈராசிரியர் பள்ளி. நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில், மொத்தம் பதினேழு பிள்ளைகள். பெயர் போட வேண்டாம் என்று டீச்சர் கேட்டுக்கொண்டதால் ஊர்ப் பெயரையும் சொல்லாமல் விடுகிறேன். ஐப்பசி மாதம், மழை பெய்து ஓய்ந்திருந்த ஒரு வியாழக்கிழமை.

அறை நடுவே ஓர் அலுமினிய அன்னக்கூடை. அதில் சாம்பல் நிறத்தில், தோசை மாவை விடக் கெட்டியாக ஏதோ ஒன்று. போன வருடத்துப் பருவத் தேர்வுத் தாள்கள்! திங்கட்கிழமை பிள்ளைகள் உட்கார்ந்து சுக்கல் சுக்கலாகக் கிழித்திருக்கிறார்கள். தினமும் தண்ணீர் மாற்றி ஊறவைத்து, தனியே ஊறிய வெந்தயத்தையும் சேர்த்து, ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பத்தா வீட்டு ஆட்டுக்கல்லில் அரைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்த அப்பத்தா அன்றைக்கு டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உட்கார மாட்டேன் என்று ரொம்ப நேரம் மறுத்ததாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

காகிதக்கூழில் கூடை செய்வது நம் வீடுகளுக்குப் புதிதில்லை. நாற்பது வயது தாண்டியவர்கள் பலருடைய பாட்டி வீட்டுப் பரணில் அப்படி ஒரு கூடை இருந்திருக்கும். புது முறம் வாங்கினால் மூங்கில் சந்துகளை அடைக்க இதே கூழைத்தான் மெழுகுவார்கள். குடத்தைக் கவிழ்த்து, அதன்மேல் ஈரத்துணி போர்த்தி, விரல் கனத்துக்குக் கூழை அப்பி, வெயிலில் காயவைத்துக் கழற்றினால் கூடை. வெந்தயம் பசைக்கும் ஆகும், பூச்சியும் அண்டாது.

நான் பார்க்கப் போனது கூடையை. பார்த்தது வேறொன்று. ஒரு சிறுமி கரும்பலகையில் செய்முறை எழுதிக்கொண்டிருந்தாள். ‘குடத்தின் மேல் கூழை ஒட்ட வேண்டும்’ என்று எழுதினாள். பின்னாலிருந்து ஒருத்தி, “ஒட்டக் கூடாதுடி, பூசணும்” என்றாள். இன்னொருவன் “மெழுகணும்” என்றான். சண்டை அப்பத்தாவிடம் வந்தது. அவர் கூழிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: “சுண்ணாம்ப பூசுறது. சாணிய மெழுகுறது. தாள ஒட்டுறது. இத அப்புறது கண்ணு.”

சிறுமி ‘ஒட்ட’வை அழித்துவிட்டு ‘அப்ப’ என்று எழுதினாள். டீச்சர் பலகையின் ஓரமாக ஒரு பட்டியல் போட ஆரம்பித்தார். கிழி, ஊறவை, பிழி, அரை, பிசை, கவிழ், அப்பு, தட்டு, தடவு, காயவை, கழற்று. ஒரு கூடைக்குப் பதினொரு வினைச்சொற்கள்.

அந்தப் பட்டியலை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகளை எத்தனையோ படித்திருக்கிறேன். அவற்றில் இல்லாதது எது என்பதற்கு அன்றைக்குத்தான் விடை கிடைத்தது.

‘பசு’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதச் சொல்லுங்கள். பசு ஒரு வீட்டு விலங்கு ஆகும். அதற்கு நான்கு கால்கள் உண்டு. அது பால் தரும். தமிழ்நாடு முழுக்க ஒரே பசு. அந்தப் பசு நிற்கும், அசையாது. இதை எழுதுகிற பிள்ளை யார்? காலையில் மாட்டை அவிழ்த்து, தண்ணீர் காட்டி, கன்றை ஊட்டவிட்டு இழுத்துக் கட்டி, சாணி அள்ளிப் போட்டுவிட்டுப் பள்ளிக்கு வருகிற பிள்ளை. அதன் கைக்குத் தெரிந்த சொற்கள் இருபது இருக்கும். நோட்டில் ஒன்று இராது. ‘ஆகும்’, ‘உண்டு’, ‘தரும்’ மூன்றையும் வைத்துக்கொண்டு முன்னுரையிலிருந்து முடிவுரை வரை போய்ச் சேர்ந்துவிடும். வீட்டில் பேசுகிற தமிழ் வேறு, நோட்டில் எழுதுகிற தமிழ் வேறு என்று ஏழு வயதிலேயே ஒரு பிள்ளை முடிவுகட்டிவிட்டால், அதன் பிறகு அது எழுதுவதெல்லாம் ஒப்பித்தல்தான்.

தமிழில் ‘வினை’ என்றால் செயல்; இலக்கணத்தில் அதுவே வினைச்சொல்; கையோடு சேர்ந்தால் கைவினை. மொழியே இந்த மூன்றையும் ஒரே வேரில் வைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில்தான் தமிழுக்கு ஒரு பீரியடு, ஓவியத்துக்கு ஒரு பீரியடு, கைவேலைக்கு நேரம் மிஞ்சினால் ஒரு பீரியடு என்று பிரித்துவிட்டோம். அவற்றை மறுபடி ஒரே மேசையில் சேர்க்கக் கைக்கு வருகிற மலிவான பொருள் குப்பை. விலை இல்லை. கெட்டுப்போனால் யாரும் திட்ட மாட்டார்கள். எல்லார் வீட்டிலும் உண்டு.

எல்லார் வீட்டிலும் உண்டு என்று சொல்லும்போதே என் தங்கை வீட்டில் நடந்தது நினைவுக்கு வருகிறது. அவள் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. நகரத்தில் ஒரு தனியார் பள்ளி. ‘பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்’ போட்டிக்கு மூன்று பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு வர வேண்டும் என்று முந்தின நாள் மாலை தகவல் வந்தது. வீட்டில் காலி பாட்டில் இல்லை. தங்கை கடைக்குப் போய் மூன்று குளிர்பானம் வாங்கி, இரண்டைத் தொட்டித் துவாரத்தில் ஊற்றினாள். கூடவே தெர்மாகோல், ஜிகினாத் தூள், பசைத் துப்பாக்கி. இருநூறு ரூபாய்க்குப் புதுப்பொருள் வாங்கிக் குப்பையாக்கி, இரவு பதினொரு மணிக்கு அதை ராக்கெட் ஆக்கினாள். குழந்தை ஒன்பதுக்கே தூங்கிவிட்டது. மறுநாள் பரிசு வந்தது. ராக்கெட் எப்படிச் செய்தாய் என்று கேட்டேன். “அம்மா செஞ்சாங்க” என்று நேர்மையாகச் சொன்னாள். அதற்கு மேல் அவளிடம் சொல்ல ஒரு வினைச்சொல்லும் இல்லை.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. அலங்காரத்துக்கான தெர்மாகோலை ஒன்றிய அரசு 2022 ஜூலை 1 முதல் தடை செய்தது. இன்றைக்கும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு பற்றிய பள்ளிக் கண்காட்சியில் தெர்மாகோல் பலகை நிற்கிறது. பெற்றோர்களே, ஆசிரியர்களே, குப்பையில் கலை செய்வது என்றால் முதலில் அது குப்பையாக இருக்க வேண்டும். அதைச் செய்வது குழந்தையின் கையாக இருக்க வேண்டும். கோணலாக வரட்டும்.

இந்த வழியில் நமக்கு முன்னால் நடந்த ஒருவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐஐடியில் பொறியியல் படித்தவர். 1978-ல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் வேலை செய்யப் போனார். கிராமத்து நடுநிலைப் பள்ளிகளில் செய்து பார்த்து அறிவியல் கற்பதற்காக 1972-ல் தொடங்கிய திட்டம் அது. அங்கே சந்தையில் கிடைத்த சைக்கிள் வால்வு டியூப்பைத் துண்டு துண்டாக வெட்டி, அதன் இரு முனையிலும் தீக்குச்சியைச் செருகினார். குச்சிகள் இணைந்தன, இணைப்பு வளைந்தது. மூன்று குச்சியில் முக்கோணம், நான்கில் சதுரம், ஆறில் ஒரு கூடாரம். பிற்பாடு அவர் எழுதிய தீக்குச்சி மாதிரிகள் புத்தகம் பல இந்திய மொழிகளுக்குப் போனது. புனேயில் குழந்தைகளுக்கான அறிவியல் மையத்தில் பல ஆண்டுகள் இருந்து, குப்பையிலிருந்து நூற்றுக்கணக்கான பொம்மைகளை உருவாக்கினார். 2018-ல் பத்மஸ்ரீ.

திண்டுக்கல் டீச்சரும் வால்வு டியூப் வைத்திருக்கிறார். ஒரு அடி டியூப் ஒரு வகுப்புக்குப் போதும். தீக்குச்சியின் மருந்துத் தலையைத் தண்ணீரில் ஊறவைத்துச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பிள்ளைகளிடம் தருகிறார். சதுரத்தை ஓர் ஓரத்தில் விரலால் தள்ளினால் அது சாய்ந்து படுத்துவிடும். முக்கோணம் எவ்வளவு தள்ளினாலும் அப்படியே நிற்கும். ஏன் என்று அவர் விளக்குவதில்லை. ‘சதுரமும் முக்கோணமும் பேசிக்கொண்டால்?’ என்று தலைப்பு மட்டும் கொடுத்திருக்கிறார். சதுரத்துக்கு முதுகெலும்பு கிடையாது, அதனால்தான் யார் தள்ளினாலும் ஆமாம் சாமி போடுகிறது என்று ஒரு பையன் எழுதியிருந்தான். அந்தச் சதுரத்துக்குக் குறுக்கே ஒரு குச்சி கொடுத்து நிமிர்த்திவைத்ததாகக் கதையை முடித்திருந்தான். மின்கோபுரத்தில் குறுக்குக் கம்பி ஏன் இருக்கிறது என்பது அவன் கதைக்குள் வந்துவிட்டது. பொறியாளர்கள் சொல்வதும் அதையேதான்.

இதெல்லாம் ஆர்வமுள்ள தனி ஆசிரியர்களின் காரியம், திட்டம் எதுவும் கிடையாது என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. அரசுப் பள்ளிகள் இந்தப் பாதையில் ரொம்ப தூரம் வந்திருக்கின்றன. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-ல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலை அந்த வகுப்பில் படித்த இளைஞர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாயில் வட்டமாக உட்கார்ந்து, அட்டைகளைத் தாங்களே எடுத்து, கற்றல் ஏணிப்படியில் தங்கள் இடத்தைத் தாங்களே பார்த்து வளர்ந்தவர்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கரும்பலகைக் கட்டம். தலைக்கு மேலே கம்பிப் பந்தல். பிள்ளை வரைந்ததையும் செய்ததையும் அதில் தொங்கவிடுவார்கள். என்னைக் கேட்டால் அந்தத் திட்டத்தின் மிகப் பெரிய சொத்து அந்தக் கம்பிப் பந்தல்தான். வரைந்த படத்துக்கு மதிப்பெண் போட்டு பீரோவில் பூட்டாமல், காற்றில் ஆடவிட்டது அது. இன்று பல பள்ளிகளில் கம்பி மட்டும் இருக்கிறது.

கொரோனா விட்டுச்சென்ற இடைவெளியை நிரப்ப 2022 ஜூனில் வந்தது ‘எண்ணும் எழுத்தும்’. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, வகுப்பறைக்குள்ளேயே கதைக் களம், படைப்புக் களம், பொம்மலாட்டக் களம் என்று மூலைகள் ஒதுக்கிய திட்டம். அதே ஆண்டு பள்ளிக் கல்வித் துறை நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்காக ‘ஊஞ்சல்’ என்ற இதழைக் கொண்டுவந்தது; பிள்ளைகளின் படைப்புக்கு அதில் இடம் உண்டு. 1987 முதல் வரும் ‘துளிர்’ சிறுவர் அறிவியல் இதழ் இரண்டு தலைமுறைப் பிள்ளைகளுக்குச் செய்து பார்க்கும் அறிவியலைத் தந்திருக்கிறது. ஆக, இடமும் இருக்கிறது, இதழும் இருக்கிறது. இல்லாதது நேரம். பதிவேடு, செயலி, பயிற்சி, கூட்டம் என்று ஓடுகிற ஆசிரியருக்கு, ஒரு கூழ் ஊறும் மூன்று நாள் என்பது பெரிய நேரம். வகுப்பில் ஒன்றும் நடக்காதது போல் தெரியும் அந்த மூன்று நாளை மேலிருந்து வருகிறவர்களும் மதிக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

திண்டுக்கல் டீச்சரின் மேசை இழுப்பறையில் இருந்தவை தினசரிக் காலண்டர் தாள்கள். ஒவ்வொரு வீட்டிலும் காலையில் கிழிக்கிற அதே தாள். முன்பக்கம் ராகு காலம், எமகண்டம், சூலம், நல்ல நேரம். பின்பக்கம் வெறுமை. ஒரு கதை எழுதப் பயந்து நிற்கும் பிள்ளைக்கு முழு வெள்ளைத்தாள் ஒரு மைதானம் மாதிரி. இதுவோ உள்ளங்கை அளவு. நாலு வரியில் நிரம்பிவிடும். முந்தின நாளுக்கான தாளைக் கிழித்துக்கொண்டு வந்து, அன்றைக்கு நடந்ததில் ஒன்றே ஒன்றை, கை என்ன செய்தது என்பதை மட்டும் எழுத வேண்டும். இதுதான் விதி. ‘மகிழ்ச்சியாக இருந்தது’ என்று முடிக்கக் கூடாது என்பது கூடுதல் விதி. எனக்கு ரொம்பப் பிடித்த விதி அது.

சாக்குப் பை தைக்கும் கோணி ஊசியால், அரிசிச் சாக்கிலிருந்து உருவிய சணல் நூலில் மாதத்துக்கு ஒரு கட்டாகத் தைத்துவைத்திருக்கிறார்கள். அட்டை, கல்யாணப் பத்திரிகை. ஒன்றைப் பிரித்துப் படித்தேன். ஒரு பெண்பிள்ளை, ஒரு செவ்வாய்க்கிழமைத் தாளின் பின்னால், அம்மாவின் அறுந்த செருப்பு வாரை ஊக்கு போட்டு மாட்டிக் கொடுத்ததையும், அம்மா அதைப் போட்டுக்கொண்டு நூறு நாள் வேலைக்குப் போனதையும், சாயங்காலம் திரும்பி வரும்போது ஊக்கு வளைந்திருந்ததையும் எழுதியிருந்தாள். அவ்வளவுதான். ஊக்கு வளைந்திருந்தது என்பதோடு நிறுத்திவிட்டாள். நான் இருபத்தைந்து வருடமாக எழுதுகிறேன். அந்த இடத்தில் நிறுத்த எனக்குத் தெரிந்திருக்குமா என்று சந்தேகம்.

கல்யாணப் பத்திரிகையை வெட்டுவதில் ஒரு சிக்கல் வந்ததாம். பிள்ளையார் படத்தில் கத்தரி வைக்க யாரும் சம்மதிக்கவில்லை. டீச்சர் வற்புறுத்தவில்லை. படத்தை மட்டும் விட்டுச் சுற்றி வெட்டச் சொன்னார். அப்படி மிஞ்சிய பிள்ளையார்கள் நாற்பதுக்கும் மேல். அவர்களுக்கு என்ன செய்வது என்று கூடிப் பேசி, முட்டை அட்டையின் குழிக்கு ஒருவராக உட்காரவைத்து ‘பிள்ளையார் பஸ்’ விட்டிருக்கிறார்கள். சத்துணவில் வாரம் ஐந்து நாளும் முட்டை என்பதால் இந்தப் பள்ளியில் முட்டை அட்டைக்குப் பஞ்சமே இல்லை. பஸ் எந்த ஊருக்குப் போகிறது, யார் டிக்கெட் எடுக்கவில்லை, எலிக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று ஒரு வாரம் ஓடியிருக்கிறது கதை.

வண்ணமும் வாங்கியது அல்ல. மஞ்சளில் சுண்ணாம்பு விழுந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைத்த எல்லார் வீட்டுக்கும் தெரிந்த வேதியியல். செங்கல் பொடி, அடுப்புக்கரி, பீட்ரூட் தோல், செம்மண். தென்னை மட்டையின் நுனியைக் கல்லால் நசுக்கினால் தூரிகை. ஜிகினா இல்லாததால் படங்கள் மங்கலாகத்தான் இருக்கின்றன. அந்த ஊர் மண்ணின் நிறமாக இருக்கின்றன.

பிள்ளைகளின் கையிலிருந்தே எழுத்தை எடுத்த இன்னொருவரும் உண்டு. நூறு வருடத்துக்கு முன் பிரான்சின் தெற்கே, பார்-சூர்-லூ என்ற சின்ன ஊரில் செலஸ்தின் ஃப்ரேனே என்ற ஆசிரியர் இருந்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டவர். வகுப்பில் நெடுநேரம் பேச அவரால் முடியாது. அதனால் பிள்ளைகளைப் பேசவிட்டார். வெளியே நடத்திக் கூட்டிப் போனார். நெசவாளர், தச்சர் வேலை செய்வதைக் காட்டினார். திரும்பி வந்து பிள்ளைகள் சொன்னதை எழுதவைத்தார். 1924 வாக்கில் ஒரு சிறு அச்சு இயந்திரத்தை வகுப்புக்குள் கொண்டுவந்தார். பிள்ளைகளே எழுத்துக் கோத்து, தங்கள் பிரதியை அச்சடித்து, தொலைவில் பிரித்தானி பகுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து பதில் பிரதி வந்தது. வேறொருவர் படிக்கப்போகிறார் என்று தெரிந்ததும் எழுத்துப் பிழையைப் பிள்ளைகளே தேடிப் பிடித்துத் திருத்தினார்கள்.

திண்டுக்கல் டீச்சர் ஃப்ரேனேயைப் படித்தவர் இல்லை. கேட்டேன், தெரியாது என்றார். ஆனால் அவர் முதல் பிரதியில் சிவப்பு மை வைப்பதில்லை. ‘பள்ளம்’ என்பதற்குப் ‘பல்லம்’ என்று எழுதிய தாள்கள் அப்படியே கிடந்தன. கட்டாகத் தைப்பதற்கு முன் ஒரு நாள் ஆளுக்கு ஆள் தாளை மாற்றிக்கொண்டு படிக்கிறார்கள். படிக்கிறவருக்கு இடறும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. எழுதியவரே அகராதியில் பார்த்து மாற்ற வேண்டும். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு அந்தக் கட்டைக் கொடுத்தனுப்புகிறார். அங்கிருந்து அவர்கள் கட்டு வருகிறது. அஞ்சல் செலவு இல்லை. மதிய உணவுப் பொருள் ஏற்றிவரும் வண்டியில் வருகிறது.

செய்ய நினைக்கிற ஆசிரியர்களுக்கு அவர் சொன்ன சில எச்சரிக்கைகளையும் இங்கே எழுதிவிடுகிறேன். பழைய பேட்டரி, ஊசி, மருந்து அட்டை, உடைந்த டியூப்லைட் எதையும் ‘குப்பை கொண்டு வா’ பட்டியலில் சேர்க்கவே கூடாது. என்ன கொண்டு வரலாம் என்பதை ஒன்றொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். காகிதக்கூழ்க் கூடையில் மை கலந்திருக்கும், தின்பண்டம் வைக்கக் கூடாது; சாக்பீஸுக்கு ஆகும். பிளேடு டீச்சர் கையில் மட்டும். பிறகு, எல்லாப் பிள்ளையிடமும் ஒரே பொருளை எதிர்பார்க்கக் கூடாது. பிஸ்கட் அட்டைப்பெட்டி இல்லாத வீடும் உண்டு. இல்லை என்று சொல்ல ஒரு பிள்ளை கூச்சப்படும்படி ஆகிவிட்டால், அந்த வேலையையே நிறுத்திவிடலாம் என்றார்.

மணி மூன்றரை. குடத்தின் மேல் கூழ் ஏறி முடிந்திருந்தது. பதினேழு பிள்ளைகளின் விரல் தடமும் அதில் இருந்தது. மேல் பூச்சுக்காக ஒதுக்கிவைத்த அரைக்காத தாள் துண்டுகளில் ஒன்றை ஒரு பையன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். சிவப்பு மையில் 9 என்று இருந்தது. அறுபதுக்கு ஒன்பதோ, பத்துக்கு ஒன்பதோ, மீதி கிழிந்துபோயிருந்தது. யாருடையது என்று தெரியவில்லை. அதை அவன் அடிப்பாகத்தில் ஒட்டினான். ஒட்டினான் என்பது சரியான சொல்தான், அப்பத்தா தலையசைத்தார்.

பதினைந்து நாள் கழித்து டீச்சருக்குப் போன் செய்தேன். கூடை என்ன ஆயிற்று என்று கேட்டேன். விடாமல் மழை, வெயிலே இல்லை என்றார். வராந்தாவில் குடத்தோடு கவிழ்ந்தபடி இருக்கிறதாம். செய்முறைப் புத்தகத்தில் ‘காயவை’ என்ற பக்கம் வரை எழுதியாயிற்று. ‘கழற்று’ என்பதற்குப் பக்கம் விட்டுவைத்திருக்கிறார்கள். தினமும் காலையில் வந்ததும் ஒருவர் கூடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காலண்டர் தாளில் எழுதுகிறாராம், இன்னும் ஈரம் இருக்கிறது என்று.